பேருந்தில் கண்ணில் ஒற்றிய கத்தி

1

இன்று காலை திருப்பூரிலிருந்து ஒரு போட்டோ வந்தது. நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் ஆயுத பூஜை. பேக்கிங் டேபிளைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, கத்திரிக்கோல், நூல் வெட்டுகிற ட்ரிம்மர், டேப் ஒட்டுகிற மிஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருக்கிறார்கள். பீகார் பையன்கள் முன்னால் நின்று கும்பிடுகிறார்கள். கீழே, "சண்முகண்ணா, அங்கயும் பூஜை போட்டாச்சுங்களா?" என்று எழுதியிருந்தது.

பதில் போட விரல் வரவில்லை. போன வருடம் இதே நாளில் நடந்ததை ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. என் தம்பிக்கே தெரியாது. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம்ம பக்கத்துப் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் இங்கிலாந்துக்கு வந்தவண்ணம் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் படித்துவிட்டுச் சூதானமாக இருந்தால் போதும். எனக்குப் பெரிய படிப்பு கிடையாது. குன்னத்தூரில் பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு பனியன் கம்பெனி, அவ்வளவுதான். எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி சுமதி நர்ஸ். அவளுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, அவள் விசாவில் நானும் மகள் தாரணியும் ஒட்டிக்கொண்டு வந்தோம். நான் ஒரு கிடங்கில் அட்டைப் பெட்டி பிரிக்கிறேன். திருப்பூரில் டேப் ஒட்டி அனுப்பினவன், இங்கே டேப்பைக் கிழிக்கிறேன். அப்போது தாரணிக்கு அடுத்த வருடம் பெரிய பரீட்சை. நிரந்தரமாகத் தங்குவதற்கு மனுப்போடும் காலமும் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அது நடந்தது.

2

முதலில் கத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சின்ன மொதலாளிக்குக் கத்திப் பித்து. நாலு பேர் வாட்ச் சேர்ப்பது மாதிரி அவர் மடக்குக் கத்தி சேர்ப்பார். வெளிநாட்டுக் கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் ஒன்று வாங்கி வருவார். நான் கிளம்புவதற்கு முன்னால் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்.

"ஏனுங்க சண்முகம், கட்டர் பிளேடுல எத்தன தடவ வெரல அறுத்துக்கிட்டீங்க? இனி இத வெச்சுக்குங்க."

கூர்மையான பொருளைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாதல்லவா, மேசைமேல் வைத்துத் தள்ளினார். நான் எடுத்தேன்.

மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கைப்பிடி டைட்டானியம். மழை வரப்போகிற வானம் மாதிரிச் சாம்பல் நிறம். தொட்டால் சில்லென்று இருக்கும், தூக்கினால் கனமே தெரியாது. முதுகில் சின்ன நாக்கு மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அதை விரலால் தட்டினால் 'டிக்' என்று அலகு பறந்து வந்து நிற்கும். கைப்பிடியின் ஒரு பக்கத் தகடே உள்வாங்கி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுத்துக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் மடங்காது.

"லாக் பாத்தீங்களா? தானா மடங்கி வெரல வெட்டவே வெட்டாது. அதுதானுங்க இதுல அழகே."

"இம்புட்டு ஒசந்த பொருளு எனக்கு எதுக்குங்க?"

"கார்ட்டன் ஒடைக்கத்தான். பின்ன, சண்டைக்கா போகப்போறீங்க? எறும்ப மிதிச்சாலே உங்களுக்கு ரெண்டு நேரம் சோறு எறங்காது." ஆபீஸில் இருந்த பெண்கள் எல்லாம் சிரித்தார்கள். "ஆனா ஒண்ணு, பொட்டிக்குள்ள பூட்டி வெச்சுராதீங்க. தெனமும் பாக்கெட்டுல இருக்கோணும். அதுக்குன்னே செஞ்சது."

வந்த இடத்தில் கிடங்கிலே சேர்ந்த முதல் நாளே மஞ்சள் பிளாஸ்டிக்கில் ஒரு கட்டரைக் கொடுத்து, சொந்தக் கத்தி உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, தினமும் பையில் இருப்பதற்கென்றே செய்த கத்தி, எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே டிராயரில் கிடந்தது. மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் இந்த நாட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். இஞ்ச் டேப்பை வைத்து அளந்து பார்த்தேன். குறைவாகத்தான் இருந்தது. அளவு சரியாக இருந்தால் சரக்கு பாஸ் என்பதுதானே நமக்குத் தெரிந்த கணக்கு. டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு நிம்மதியாகிவிட்டேன்.

3

பூஜையன்று எனக்கு வேலை இல்லை. இங்கே நம்ம ஆட்கள் பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கோயிலாக நடத்துகிறார்கள். அங்கே மத்தியானம் பூஜை. கத்தியைத் துணியில் சுற்றி எடுக்கும்போது சுமதி பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, அதய எதுக்குங்க எடுக்கறீங்க? எம்பட ஸ்டெதாஸ்கோப் இருக்குது, அதக் கொண்டு போங்க."

"அதுவுந்தான் கொண்டு போறன். இது வந்ததுலருந்து ஒரு வேலயுஞ் செய்யாமக் கெடக்குது. சாமி முன்னால ஒருக்கா வெச்சு எடுத்தாந்தர்றன்."

"என்னமோ போங்க. எனக்கு அது புடிக்கல."

அவள் வேலை செய்யும் வார்டில் என்னென்ன பார்க்கிறாள் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அவளும் வீட்டுக்குக் கொண்டுவந்து சொல்வதில்லை.

ஐயர் அலகைத் திறந்து வைத்து, சந்தனம் தடவி, அதன்மேல் தாராளமாகக் குங்குமம் வைத்தார். தீபாராதனை முடிந்து, மடக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பொரிப் பொட்டலத்தோடு பஸ் ஏறினேன். மாடி பஸ். கீழே கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பள்ளிக்கூடம் விடும் நேரம். வழியில் தாரணி தன் தோழிகளோடு ஏறினாள். என்னைப் பார்த்தாள். புருவத்தை மட்டும் ஒரு தூக்குத் தூக்கிவிட்டு, அவர்களோடு மாடிக்குப் போய்விட்டாள். நெற்றி நிறையத் திருநீறும் மடியில் பொரியுமாக உட்கார்ந்திருக்கிற அப்பனை அந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவாள்? எனக்கு வருத்தமில்லை என்று எழுதினால் அது பொய்.

சுமதிக்கு போன் செய்யலாம் என்று பைக்குள் கை விட்டேன். போனோடு கத்தியும் வெளியே வந்து கீழே விழுந்தது. அந்த நேரம் பஸ் ஒடித்துத் திரும்பியது. விழாமலிருக்கக் காலை ஊன்றினேன். ஷூவுக்கு அடியில் கத்தி.

பூஜையில் வைத்த பொருள். வைத்த குங்குமம்கூடக் காயவில்லை. அதைப் போய் மிதித்துவிட்டேன். நம்ம பேக்கிங் ஹாலில் ஒரு பனியன் கட்டு காலில் தட்டுப்பட்டாலும் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அடுத்த அடி வைப்போம். அதை ஒருவர் செய்வதை இன்னொருவர் ஏறிட்டும் பார்ப்பதில்லை. கழுத்தில் கயிறு கட்டித் தொங்குகிற ட்ரிம்மரோடு பஸ் ஏறி வீட்டுக்குப் போகிற ஊர் அது.

குனிந்து எடுத்தேன். வருடக்கணக்கில் பழகிய கை, கீழே விழுந்த கட்டரின் முனை உடைந்திருக்கிறதா என்று பார்க்காமல் விடாது. விரல் தானாகத் தட்டியது. டிக். அலகு நின்றது. அப்படியே இரண்டு கையாலும் தூக்கி, கண்ணை மூடி, வலது கண்ணில் ஒற்றி, இடது கண்ணில் ஒற்றி, "தாயே, தெரியாமப் பட்டுருச்சு, மன்னிச்சுக்க தாயே" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

கண்ணைத் திறந்தபோது எதிர் இருக்கையிலிருந்த வயதான அம்மா வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். ஒருவர் குழந்தையை இருக்கைக்குப் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக்கொண்டு ஓடினார்கள். ஏதோ வேறு ஆபத்து என்று நினைத்து நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பிற்பாடு பல தடவை அவர்கள் கண்ணால் என்னைப் பார்த்திருக்கிறேன். சாம்பல் பூசிய முகத்தோடு ஒருவன். கையில் சிவப்புக் கறை ஒட்டிய கத்தி. அதை முகத்துக்கு நேரே பிடித்து, கண்ணை மூடிப் புரியாத பாஷையில் முனகுகிறான். நானாக இருந்தாலும் கத்தியிருப்பேன்.

4

பஸ் நின்றது. டிரைவர் ஒலிபெருக்கியில் என்னவோ சொன்னார். கதவு திறந்ததும் எல்லாரும் ஓட்டமாக இறங்கினார்கள். மாடியில் இருந்தவர்கள் இறங்கவில்லை. நான் கத்தியை மடக்கிக்கூட வைக்காமல் இருக்கைமேல் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தப்புச் செய்துவிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

இரண்டு போலீஸ் கார்கள் வந்தன. என்னை இறக்கி, பிளாட்பாரத்தில் சுவரைப் பார்க்க நிறுத்தி, கையைப் பின்னால் கொண்டுபோய் விலங்கு போட்டார்கள். வலிக்கவில்லை, மரியாதையாகத்தான் நடத்தினார்கள். ஆனால் அந்த இரும்பு மூடுகிற சத்தம் கேட்டதும் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன். முருகா, சுமதி விசா போச்சு, பிள்ளை படிப்பு போச்சு, மூன்று பேரையும் பெட்டியோடு ஏற்றி அனுப்பப் போகிறார்கள் என்று மட்டும்தான் மனசில் ஓடியது. ஊருக்குப் போய் யார் முகத்தில் முழிப்பது?

ஒரு பெண் போலீஸ் கேள்வி கேட்டார். ரொம்பத் தன்மையாகத்தான் கேட்டார். பயத்தில் எனக்கு இருந்த கொஞ்ச இங்கிலீஷும் கரைந்துவிட்டது. நம்ம ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியுமே, ஒருவர் பேசும்போது நடுநடுவே "ஆமாங்க, சரீங்க" என்று சொன்னால்தான் மரியாதை. அதே மாதிரி அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் "எஸ் மேடம், எஸ் மேடம்" என்று தலையாட்டினேன்.

தற்காப்புக்காக வைத்திருந்தீர்களா? எஸ் மேடம். யாராவது உங்களை மிரட்டினார்களா? எஸ் மேடம். அலகில் இருப்பது ரத்தமா? எஸ் மேடம்.

அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. எதனால் என்று தெரியவில்லை.

தலையைத் திருப்பி மேலே பார்த்தேன். திறந்திருந்த மாடி ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள். போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் தாரணி. கண்ணு, நீ வராதே, யாரோ ஒருத்தன் என்று இருந்துகொள் என்று மனசுக்குள் மன்றாடினேன். அவள் முகம் ஜன்னலிலிருந்து மறைந்தது. நல்லது, ஒளிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

"அப்பா! எல்லாத்துக்கும் எஸ் சொல்லாதீங்கப்பா!"

புத்தகப் பை ஒரு தோளில் தொங்க, பஸ் கதவில் நின்றாள். போலீஸ்காரர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். அவள் இங்கிலீஷில், அது என் அப்பா என்றாள். மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும்.

"நீ போ சாமி. உனக்கு எதுக்கு இது?"

"நீங்க ஒண்ணும் பேசாதீங்க. பேசறேன்னு ரத்தமெல்லாம் ஒத்துக்கிட்டீங்க. அது குங்குமந்தானுங்களே?"

"ஐயர் வெச்சுது கண்ணு."

அவள் படபடவென்று பேசினாள். பாதிதான் எனக்கு விளங்கியது. எங்கப்பாவுக்குக் காலில் எது பட்டாலும் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் என்றாள். காகிதம் பட்டாலும் கேட்பார், என் கணக்குப் புத்தகத்தைக் கண்ணில் ஒற்றியிருக்கிறார், கடையில் ஒரு மாவுப் பை காலில் இடித்ததற்குக்கூடக் கேட்டார் என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள் குரல் உடைந்து அழுதுவிட்டாள். பெண் போலீஸ் அவள் தோளில் கை வைத்தார். கத்தியைக் கையுறை போட்டு எடுத்துப் பார்த்தார். மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை.

அளவு பிரச்சினையில்லை என்று தாரணி எனக்குச் சொன்னாள். "லாக் இருக்குதாம்ப்பா. லாக் இருந்தா எவ்வளவு சின்னதா இருந்தாலும் வெளிய கொண்டுபோகத் தக்க காரணம் வேணுமாம்."

சின்ன மொதலாளி எதை அழகு என்றாரோ அதுதான் குற்றம்.

ஸ்டேஷனில் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளர் அம்மா வந்தார். யாழ்ப்பாணத்துத் தமிழ். "பயப்பிடாதேங்கோ, ஒண்டொண்டாய்ச் சொல்லுங்கோ" என்றார். தமிழ் காதில் விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சரஸ்வதி பூஜை என்றால் அவருக்குத் தெரிந்தது. ஆனால் கத்திக்குக் குங்குமம் வைப்பதை அவர் இங்கிலீஷில் எப்படிச் சொன்னாரோ, எதிரே இருந்தவர் அதை நம்பினாரோ இல்லையோ, ஒன்றும் தெரியவில்லை. கத்தியை வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்குப் போகலாம், விசாரித்து முடிவு சொல்வோம் என்று அனுப்பினார்கள்.

5

அந்த முடிவுக்காகக் காத்திருந்ததுதான் பெரிய தண்டனை. குற்றம் என்று பதிந்துவிட்டால் நிரந்தர மனு நிராகரிக்கப்படலாம் என்று விசாரித்த இடத்திலெல்லாம் சொன்னார்கள். ஒருவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அது இன்னும் கொடுமை.

வாசலில் கார் நின்றாலே திரைச்சீலையை விலக்கிப் பார்ப்பேன். ஊரிலிருந்து போன் வந்தால் எடுத்து, நல்லா இருக்கோமுங்க என்பேன். பஸ்ஸில் போவதை விட்டுவிட்டேன். வேலைக்கு நடந்தே போனேன். அந்தக் கத்தி போன பிறகும், வீட்டை விட்டு இறங்குமுன் எல்லாப் பையையும் வெளியே இழுத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

சுமதி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். ஒரு நாள் சாப்பிடும்போது மட்டும் சொன்னாள்.

"எங்க வார்டுக்கு வாரத்துக்கு ஒரு புள்ள வருதுங்க. கத்திக்குத்து. நம்ம தாரணி வயசுதான் இருக்கும். அம்மாக்காரங்க வந்து நிக்கறதப் பாக்க முடியாது. அதனாலதானுங்க அதப் பாத்தாலே எனக்கு ஆகாது."

தாரணி தட்டைப் பார்த்துக்கொண்டே, "அப்பா, பஸ் போற வழில ஒரு வெளக்குக் கம்பத்துல பூவாக் கட்டியிருக்குமே, தாண்டும்போது நீங்க கன்னத்துல போட்டுக்குவீங்களே, அது சாமியில்லீங்கப்பா" என்றாள்.

"பின்ன?"

"எங்க ஸ்கூல் பையன். அங்கதான் குத்திட்டாங்க. அவங்க அம்மா பூ மாத்திட்டே இருக்காங்க."

எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஊர்க்காரர்களும் வழியில் சாமி வைத்துக் கும்பிடுகிறார்களே என்று சந்தோஷப்பட்டிருந்தேன். முகம் தெரியாத ஒரு பிள்ளையைத்தான் இத்தனை நாள் கும்பிட்டிருக்கிறேன். கும்பிட்டது தப்பாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தக் கம்பத்தைத் தாண்டிப் போகிற பஸ்ஸில்தான் நான் கத்தியை விரித்தேன். எதிரே இருந்த அந்த வயதான அம்மாவுக்கும் அந்தப் பூ தெரிந்திருக்கும்.

6

பனி கொட்டத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் போன் வந்தது. அந்தப் பெண் போலீஸ். நான் ஸ்பீக்கரில் போட்டுத் தாரணியிடம் நீட்டினேன். அவள் ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்துக்கொண்டாள். சுமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள். நான் சாமி படத்தைப் பார்த்தபடி நின்றேன். தாரணி "ஓகே, ஓகே" என்றாள். அந்தக் குரலில் இருந்து நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையின் முகம், அதுவே இங்கிலீஷ் பேசும்போது எனக்குப் படிக்க வரவில்லை.

வைத்தாள்.

"முடிஞ்சுதுப்பா. கேஸ் இல்லியாம். நீங்க சொன்னத நம்பறாங்களாம். கோயில்லயும் கேட்டாங்களாம். கத்திய மட்டும் அழிச்சுருவாங்களாம், திருப்பித் தரமாட்டாங்களாம்."

சுமதி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் சாமி முன்னால் விழுந்து எழுந்தேன். மகளைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. "அழிக்கட்டும் கண்ணு, மகராசியா அழிக்கட்டும். நீ மட்டும் அன்னிக்கு எறங்கி வர்லீன்னா அப்பன் கதி என்னாகியிருக்கும்? நாலு பேருக்கு முன்னால எங்கப்பான்னு சொன்னியே."

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு சாமி."

"அந்தம்மா கத்துனப்ப நான் மாடிப்படில பாதி எறங்கி வந்து பாத்தேன். நீங்க கத்தியோட நின்னீங்க. எனக்கு..." நிறுத்தினாள். "எனக்கு உங்களப் பாத்துப் பயமாயிருச்சுப்பா. ஒரு நிமிசந்தான். திரும்ப மேலே ஓடிட்டேன். அப்பறந்தான் வந்தேன்."

சுமதி, "ஏன்டி, பெத்த அப்பனப் பாத்தா பயப்படுவாங்க?" என்றாள். நான் அவளைக் கையமர்த்தினேன்.

"இனிமே வெளிய அதெல்லாம் செய்ய வேண்டாம்ப்பா. ஊட்ல என்ன வேணாலும் கும்புடுங்க. கோயில்ல கும்புடுங்க. பஸ்ல, ரோட்ல வேண்டாம். கால்ல பட்டாப் படட்டும். ப்ளீஸ்ப்பா. எனக்கு இன்னொரு தடவ அந்த மாதிரி பாக்க முடியாது."

"சரி கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்ல?

மனுப்போட்டாகிவிட்டது. கிடைக்கும் என்று இப்போது தைரியமாகச் சொல்கிறார்கள். வேலைக்கு மறுபடியும் பஸ்ஸில்தான் போகிறேன். போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் புத்தகம் சரிந்து கீழே விழுந்து என் ஷூவில் இடித்தது. அவன் எடுத்துத் தட்டிவிட்டு மடியில் வைத்துக்கொண்டான். என் இரண்டு கையும் பாதி தூரம் எழுந்துவிட்டன. அவற்றைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டேன். கண்ணை மூடாமல், உதட்டை அசைக்காமல், மனசுக்குள்ளேயே மன்னிப்புக் கேட்டேன். கேட்டுவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.